குரோஷே குல்லா: உச்சி வட்டம் அலை அலையா வருது, விளிம்பு தளருது. 5 தலைக்கு அளவு எப்படிப் போடுறது?

நூல்கண்டு:

வணக்கம். டிசம்பர் கடைசிக்குள்ள வீட்டு ஆளுங்களுக்கு 5 குல்லா பின்னி முடிக்கணும். மூணு டொராண்டோவுக்குப் போகுது, ஒண்ணு குன்னூருக்கு, ஒண்ணு இங்கே கோயம்புத்தூருக்கே. தலைச் சுற்றளவு எல்லாம் டேப் வெச்சு எடுத்தாச்சு. கொழுந்தனார் 59 செ.மீ., ஓரகத்தி 55.5, அவங்க பொண்ணு (6 வயசு) 51, மாமியார் 54, நாத்தனார் குழந்தை (4 மாசம்) 41.

நூல் அக்ரிலிக், 100 கிராம் கண்டு. லேபிள்ல 5 மி.மீ. ஊசின்னு போட்டிருக்கு, அதையேதான் வெச்சிருக்கேன். பேட்டர்ன் அமெரிக்க முறை: மேஜிக் ரிங்ல (நூலைச் சுத்தி இறுக்குற தொடக்க வளையம்) 12 டபுள் (நெட்டையான தையல்), அடுத்த சுற்று 24, அப்புறம் 36, 48, 60. டபுள் போட்டா சந்து சந்தா தெரியுதேன்னு ஹாஃப் டபுளா மாத்திக்கிட்டேன். எண்ணிக்கை அதேதான்.

நாலாவது சுற்றுலயே ஓரம் பூ மாதிரி மடங்க ஆரம்பிச்சிடுது. அதை இழுத்துப் பிடிச்சு முடிச்ச ஒரு குல்லாவுல விளிம்பு தொளதொளன்னு கண்ணை மூடுது. சுற்று சேர்ற இடத்துல ஒரு கோடு, அது நேரா இறங்காம சாஞ்சு சாஞ்சு போகுது. மூணுக்கும் காரணம் தெரிஞ்சா மொத்தமா பிரிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சிடுவேன்.

---

கொக்கிமுனை:

தையலை மாத்தினீங்க, எண்ணிக்கையை மாத்தாம விட்டுட்டீங்க. அலை வர்றது அதனாலதான்.

வட்டம் தட்டையா உட்காரணும்னா ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைவிட ஒரு அளவு நீளம் கூடணும். அந்த நீளம் = தையலோட உயரம் × 6.28. டபுள் நெட்டையான தையல், அதனால சுற்றுக்கு 12 கூட்டினாலும் எல்லாத்துக்கும் இடம் இருக்கு. ஹாஃப் டபுள் அதைவிடக் குட்டை. எட்டுப் பேர் பெஞ்சுல பன்னிரண்டு பேரை உட்கார வெச்ச மாதிரி, நடுவுல இருக்கிறவங்க மேல எழும்பிடுறாங்க.

பொதுக் கணக்கு இது: சிங்கிள்னா (ஹாஃப் டபுளைவிடவும் குட்டைத் தையல்) சுற்றுக்கு 6 கூடணும், ஹாஃப் டபுள்னா 8-லேர்ந்து 10, டபுள்னா 12. ஹாஃப் டபுளுக்கு ஏன் 8-லேர்ந்து 10-ன்னு இழுக்கிறேன்னா அது ஆளுக்கு ஆள் மாறும். ஊசியில முதல் கண்ணியை மேல தூக்கிப் பின்றவங்களுக்குத் தையல் நெட்டையா வரும், அவங்களுக்கு 10 சரி. கீழே அழுத்திப் பின்றவங்களுக்கு 8 போதும்.

உங்க கைக்கு எவ்வளவுன்னு பார்க்க ஒரு மாதிரித் துண்டு போடுங்க. 18 தையல் அகலம், 14 வரிசை. ஓரத்தை விட்டுட்டு நடுவுல 10 செ.மீ. அளந்து எண்ணுங்க. அந்த நூலுக்கும் 5 மி.மீ. ஊசிக்கும் 14 தையல், 11 வரிசையை ஒட்டி வரும்னு வெச்சுக்குவோம். அப்போ ஒரு தையல் அகலம் 0.71 செ.மீ., உயரம் 0.91 செ.மீ. 0.91 ÷ 0.71 × 6.28 = 8 சொச்சம். உங்களுக்கு 8.

முதல் சுற்று 8, அடுத்து 16, 24, 32, 40, 48, 56, 64, 72. நாலாவது சுற்று முடிஞ்சதும் (32 தையல்) தரையில வெச்சு அளங்க. குறுக்களவு 7.3 செ.மீ. இருக்கணும். 7-க்குக் கீழேன்னா கை இறுக்கம், ஊசியை அரை மி.மீ. பெரிசாக்குங்க. 7.8-ஐத் தாண்டினா சின்னதாக்குங்க. 9 சுற்று போட்ட பிறகு தெரிஞ்சுக்கிறதுக்கு 4-லயே தெரிஞ்சுக்கலாம்.

இனி அளவு. குல்லா தலையைவிடச் சின்னதா இருக்கணும், இல்லேன்னா நிக்காது. பெரியவங்களுக்கு 4 செ.மீ. குறைங்க, சின்னப் பிள்ளைக்கு 2 அல்லது 3, கைக்குழந்தைக்கு 1. கொழுந்தனாருக்கு 59 − 4 = 55 செ.மீ. செ.மீ.க்கு 1.4 தையல்னா 77. உங்க சுற்றுகள் 72-லயும் 80-லயும் நிக்குது, 77 ரெண்டுக்கும் நடுவுல. அதனால 72 முடிச்சு, அடுத்த சுற்றுல 17 தையல் சாதாரணமா, 18-ஆவதுல ரெண்டு, இப்படி நாலு தடவை. 76 ஆச்சு, 54.3 செ.மீ. போதும்.

ஓரகத்திக்கு 72 அப்படியே. மாமியாருக்கும் 72 போடலாம், ரிப் விளிம்பு (மேடு பள்ளமா இழுபடுற பட்டி) பிடிச்சுக்கும். பொண்ணுக்கு 64 முடிச்சு 16-க்கு ஒண்ணு கூட்டி 68. குழந்தைக்கு 56-ல நிறுத்திடுங்க.

ஒரு விஷயம் நிறைய பேட்டர்ன்கள்ல சொல்றதில்லை. எல்லாச் சுற்றுலயும் விடாம கூட்டிட்டு திடீர்னு நிறுத்தினா உச்சி தட்டா, பக்கம் செங்குத்தா, பிஸ்கட் டப்பா மூடி மாதிரி ஆயிடும். தலை அப்படி இல்லையே. கடைசி ரெண்டு கூட்டல் சுற்றுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் கூட்டாத சுற்று ஒண்ணு விடுங்க: 56, 56, 64, 64, 72. உருண்டையா இறங்கும். குழந்தைக்குன்னா 40, 40, 48, 48, 56.

இன்னொண்ணு, கூட்டுற இடம் எல்லாச் சுற்றுலயும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழுந்தா வட்டம் எண்கோணமா மாறிடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, இடைவெளியில பாதியை முதல்ல போட்டுட்டுக் கூட்டல் ஆரம்பிங்க. உதாரணத்துக்கு 48 சுற்றுல "4 சாதாரணம், ஒண்ணுல ரெண்டு"ன்னு வரணும். அதை "2 சாதாரணம், ஒண்ணுல ரெண்டு, 2 சாதாரணம்"னு மாத்திக்குங்க. எண்ணிக்கை அதேதான், முனை மறைஞ்சிடும்.

ஆழம் டேப்ல எடுங்க: உச்சி நடுவுலேர்ந்து காது மடல் அடி வரைக்கும். ஆம்பளைக்கு 22 செ.மீ., பொம்பளைக்கு 20–21, 6 வயசுக்கு 18–19, 4 மாசத்துக்கு 14–15 வரும். உச்சி வட்டமும் இதுக்குள்ள அடக்கம். கொழுந்தனாருக்கு 5 செ.மீ. ரிப்னா, குல்லா உடம்பு உச்சி நடுவுலேர்ந்து 17 செ.மீ., ஏறக்குறைய 19 சுற்று.

கோடு சாயறதுக்குத் தனியா எழுதறேன்.

---

பட்டைத்தையல்:

கணக்கெல்லாம் சரிதான். ஆனா டொராண்டோவுக்கு அனுப்புறவங்க போட்டுப் பார்த்துத் திருத்த முடியாது. அந்த மாதிரி பரிசுக்கு வட்டமே வேண்டாம்னு சொல்வேன். பட்டையா பின்னி மூட்டுங்க. குறுக்கா இழுபடுறதால 54-லேர்ந்து 58 வரைக்கும் ஒரே குல்லா உட்காரும்.

33 செயின் (சங்கிலிக் கண்ணி). ஊசியிலேர்ந்து ரெண்டாவது செயின்ல தொடங்கி 32 தையல். முதல் 26 ஹாஃப் டபுள், கடைசி 6 சிங்கிள். அந்த 6 பக்கம்தான் உச்சி. சிங்கிள் குட்டையா இருக்கிறதால உச்சி தானா குறுகி வரும், சுருக்கும்போது குமியாது. 1 செயின், திருப்பி, பின் கண்ணியில (தையல் தலையில தெரியுற ரெண்டு கண்ணியில பின்னாடி இருக்கிறது) மட்டும் 6 சிங்கிள், 26 ஹாஃப் டபுள். இப்படியே போங்க. பின் கண்ணியில போடும்போது வரிசைக்கு வரிசை ஒரு மேடு விழும், அந்த மேடுதான் எலாஸ்டிக் மாதிரி வேலை செய்யும்.

52 செ.மீ. வந்ததும் இரட்டைப்படை வரிசையா பார்த்து நிறுத்துங்க. அளக்கும்போது இழுக்காம, லேசா தட்டிப் பரப்பி அளக்கணும். முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒட்ட வெச்சு ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாம சேர்க்கிற தையல்). நூலை 50 செ.மீ. விட்டு அறுத்து, உச்சி ஓரத்துல ரெண்டு வரிசைக்கு ஒரு முறை ஊசியை ஓட்டி இழுங்க. எல்லா வரிசையிலயும் ஓட்டினா குவியல் பெரிசாகும். முதல் சுருக்குல விரல் அளவு ஓட்டை மிச்சம் இருக்கும், அதைச் சுத்தி இன்னொரு முறை ஓட்டி இழுத்தா மூடிடும். அக்ரிலிக் நூல் இந்த இழுவையில அறுந்து போகும், அதனால சுருக்க மட்டும் அதே நிறத்துல இரட்டை நூல்.

இதுல கூட்டலே கிடையாது. அலையும் கிடையாது, சாயற கோடும் கிடையாது.

---

கொக்கிமுனை:

பட்டை முறை நல்லதுதான், 58 வரைக்கும் உள்ள பெரியவங்களுக்குப் பொருந்தும். குழந்தைக்கு வேண்டாம். சுருக்கின உச்சி உள்பக்கம் கட்டியா நிக்கும், மெல்லிய மண்டையில உறுத்தும். அங்கே மேஜிக் ரிங்தான்.

இப்போ அந்தக் கோடு. வலது கைக்காரங்க திருப்பாம ஒரே திசையில சுத்திச் சுத்திப் பின்னினா ஒவ்வொரு தையலும் அடியில இருக்கிற தையலுக்கு நேர் மேல உட்காராது. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உட்காரும். 19 சுற்றுல அந்தக் "கொஞ்சம்" ரெண்டு மூணு செ.மீ. ஆயிடும். உங்க தப்பு இல்லை. சேர்க்காம சுருளா பின்னுங்க, கோடே இருக்காது. சுற்றோட முதல் தையல்ல வேற நிற நூல் துண்டு ஒண்ணைச் செருகி வெச்சு, ஒவ்வொரு சுற்றுக்கும் மேல நகர்த்துங்க. அது இல்லாம எண்ணவே முடியாது. கடைசிச் சுற்றுல படி மாதிரி நிக்கும். ஹாஃப் டபுள், சிங்கிள், ஸ்லிப் ஸ்டிச்னு ஒவ்வொண்ணு போட்டு இறக்கிடுங்க.

பட்டை பட்டையா நிறம் மாத்தணும்னா சுருள் ஆகாது, நிறம் மாறுற இடம் படியா தெரியும். அப்போ சேர்த்துத்தான் ஆகணும். சேர்க்கும்போது அதிகமா நடக்கிற தப்பு: ஏறுறதுக்குப் போட்ட 2 செயினை ஒரு சுற்றுல தையலா எண்ணுறது, அடுத்த சுற்றுல விட்டுடுறது. ஹாஃப் டபுளுக்கு அந்தச் செயினை எண்ணவே வேண்டாம். சேர்த்த அதே தையல்லயே முதல் ஹாஃப் டபுளைப் போடுங்க. சுற்று முடிஞ்சதும் செயின்ல சேர்க்காம அந்த முதல் ஹாஃப் டபுள் தலையில சேருங்க. ஸ்லிப் ஸ்டிச் போட்ட இடத்துல ஒரு கண்ணி தையல் மாதிரியே முழிக்கும். அதுக்குள்ள ஊசி போனா சுற்றுக்கு ஒண்ணு கூடிக்கிட்டே போகும். உங்க விளிம்பு கண்ணை மூடினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், கடைசிச் சுற்றை எண்ணிப் பாருங்க.

விளிம்பை உடம்பு முடிஞ்ச இடத்துலேர்ந்தே குறுக்கு ரிப்பா போடுங்க, ஊசி 4 மி.மீ. 9 செயின், திரும்பி வந்து 8 சிங்கிள். குல்லா ஓரத்துல அடுத்த ரெண்டு தையல்ல ஆளுக்கொரு ஸ்லிப் ஸ்டிச். திருப்பி, அந்த ரெண்டு ஸ்லிப் ஸ்டிச்சைத் தொடாம பின் கண்ணியில 8 சிங்கிள். 1 செயின், திருப்பி 8 சிங்கிள், மறுபடி ஓரத்துல ரெண்டு ஸ்லிப் ஸ்டிச். ரெண்டு வரிசைக்கு ரெண்டு தையல் செலவாகும், உங்க எண்ணிக்கை எல்லாம் இரட்டைப்படையா வெச்சதுக்கு அதான் காரணம். இன்னும் பிடிப்பு வேணும்னா எட்டுப் பத்து தையலுக்கு ஒரு ஓரத் தையலைத் தாண்டிடுங்க. தாண்டின எண்ணிக்கையும் இரட்டைப்படையா இருக்கட்டும். குழந்தைக்கு 8-க்குப் பதிலா 5.

எலாஸ்டிக் நூல் கோக்கிறது கடைசி வழி. முதல்ல நெத்தியில சிவப்புக் கோடு, நாலு தடவை துவைச்சா அதுவும் தளர்ந்துடும்.

---

பனிக்காற்று:

நான் டொராண்டோ பக்கம். எண்ணிக்கை எல்லாம் மற்றவர்கள் வடிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்தக் குளிருக்கு வேறு சில விஷயங்கள் பார்க்க வேணும்.

இங்கே குளிரைவிடக் காற்றுதான் பிரச்சனை. 5 மி.மீ. ஊசியில் ஹாஃப் டபுள் போட்டால் வெளிச்சத்தில் பிடிக்கத் துளை தெரியும், அதால் காற்று நேரே உள்ளே போகும். இரண்டு வழி இருக்கு. ஒன்று, ஊசியை 4.5 ஆக்குங்கோ. துணி இறுகும், ஆனால் எண்ணிக்கையும் மாறும். 10 செ.மீ.க்கு 15 தையலாக வந்தால் 76 தையல் 51 செ.மீ.தான், 59 தலைக்கு அது இறுகித் தலையிடி வரும். 80 முடித்து நாலு கூட்டி 84 போடுங்கோ, 56 செ.மீ. வரும். சுற்றுக்கு 8 கூட்டுவது மாறாது.

மற்றது, ஊசியை மாற்றாமல் காதுப் பக்கம் மட்டும் இரண்டு படையாக்குவது. ரிப்பை 8-க்குப் பதில் 16 தையல் அகலமாகப் போட்டு வெளியே மடித்துவிடுங்கோ. மடிக்கிற குல்லா என்றால் மடிப்புக்கு மேலே தெரிகிற ஆழம்தான் 22. மடிப்பு 5 செ.மீ. அதற்கு மேலதிகம். இதை மறந்துவிட்டு மொத்தம் 22 போட்டு மடித்தால் காது வெளியே நிற்கும்.

இன்னும் சூடு வேணுமென்றால் உள்ளே ஃப்ளீஸ் (மெத்தென்ற குளிர்த் துணி) பட்டி வைத்துத் தையுங்கோ. 8 செ.மீ. அகலம், நீளம் தலைச் சுற்றளவு. ஃப்ளீஸ் ஒரு பக்கம்தான் நன்றாக இழுபடும், அந்தப் பக்கம் சுற்றளவோடு போக வேணும். நூலை இறுக்கித் தைத்தால் குல்லா விரியாது, தலையில் ஏறும்போது தையல் அறுந்துவிடும். தளர்ந்த வளைந்த தையல் போடுங்கோ.

நூல் பற்றி: அக்ரிலிக் பரவாயில்லை, மெஷினில் போட்டுக் கழுவலாம். ஆனால் கம்பளி வியர்வையை உறிஞ்சும், அக்ரிலிக் உறிஞ்சாது. பஸ்ஸுக்கு ஓடிப் போய் வியர்த்தால் குல்லாக்குள் ஈரமாக நிற்கும். கம்பளி வாங்கினால் "சூப்பர்வாஷ்" என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கோ. சாதாரணக் கம்பளியைச் சூடான தண்ணியில் மெஷினில் போட்டால் இழை சிக்கிச் சுருங்கி, பெரிய ஆளின் குல்லா பிள்ளைக்குத்தான் காணும். பரிசு வாங்குகிறவர்கள் லேபிள் பார்த்துக் கழுவ மாட்டார்கள் என்று நினைத்துத்தான் நூல் தெரிவு செய்ய வேணும். ஒரு துண்டுப் பேப்பரில் எப்படிக் கழுவுவது என்று எழுதி உள்ளே வையுங்கோ.

அக்ரிலிக்குக்கு ஸ்திரிப்பெட்டி காட்ட வேண்டாம். சூடு பட்டால் இழை செத்துத் துவண்டுவிடும், பிறகு அந்த ரிப் திரும்பி வராது. ஈரமாக்கி, ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக் காயவிட்டாலே வடிவம் வரும்.

6 வயதுப் பிள்ளைக்குக் காது மூடி வைக்கலாம், நாடிக்குக் கீழே முடிகிற நீளக் கயிறு வேண்டாம். பார்க்கில் ஏறி விளையாடும்போது மாட்டும். 68 தையலில் காதுக்கு 14, 14, முன்பக்கம் 22, பின்பக்கம் 18 என்று பிரியுங்கோ. காது மூடி வைத்தால் அந்தக் குல்லாவுக்கு ரிப் வேண்டாம், உடம்பை முழு ஆழத்துக்குப் போட்டுவிட்டு மூடியைத் தொடங்குங்கோ. 14-இல் இரண்டு வரிசை நேராக, பிறகு வரிசைக்கு இரு ஓரமும் ஒவ்வொன்று குறைத்து 12, 10, 8, 6, 4. உள்ளே பிள்ளையின் பெயரைத் தைத்துவிடுங்கோ. பள்ளிக்கூடத்தில் ஒரே மாதிரிக் குல்லா ஏராளம்.

---

நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. மாதிரித் துண்டு போட்டேன், 14-ம் 11-ம் அப்படியே வந்துச்சு. 8 கூட்டி 7 சுற்று போயிருக்கேன். அலை போயிடுச்சு. ஆனா இப்போ ஓரம் லேசா கிண்ணம் மாதிரி உள்ள வளையுது. 9 கூட்டணுமா?

அப்புறம் மாமியாருக்குக் கொண்டை. பின்கழுத்துகிட்ட போடுவாங்க. குல்லா போட்டா கொண்டை மேல தள்ளிவிட்டுடும். அதுக்கு என்ன செய்றது? நூல் மொத்தம் எவ்வளவு வாங்கணும்?

---

கொக்கிமுனை:

லேசான கிண்ணம் நல்லது, விட்டுடுங்க. தரையில வெச்சு நடுவுல விரலால அழுத்தினா தட்டையா படியுதா? அப்போ சரி. அழுத்தியும் ஓரம் நிமிர்ந்தே நின்னா முதல்ல எண்ணுங்க, எங்கேயோ கூட்டல் ரெண்டு விட்டுப் போயிருக்கும். எண்ணிக்கை சரின்னா கை இறுகியிருக்கு. நாலாவது சுற்றுல அளந்ததை இப்போ மறுபடி அளங்க, 56 தையலுக்குக் குறுக்களவு 12.7 வரணும்.

கொண்டைக்கு: கடைசி 6 செ.மீ.யை வட்டமா சேர்க்காதீங்க. உடம்பு 14 செ.மீ. வந்ததும் திருப்பித் திருப்பி வரிசையா பின்னுங்க, பின்பக்கம் நடுவுல ஒரு பிளவு நிக்கும். கீழே ரிப் பட்டியைத் தனியா பின்னி, பிளவுக்கு 3 செ.மீ. அதிகமா நீட்டி, ஒரு பட்டனும் செயின் கண்ணியும் வைங்க. கொண்டை பிளவு வழியா வெளியே வந்துடும், பட்டி அதுக்குக் கீழே பூட்டிக்கும். வரிசையா திருப்பிப் பின்றப்போ துணி முகம் மாறும், ஒரு வரிசை முன்பக்கம் ஒரு வரிசை பின்பக்கமா தெரியும். உறுத்தினா மாமியார் குல்லாவை மட்டும் முதல்லேர்ந்தே ஒவ்வொரு சுற்றும் சேர்த்துத் திருப்பிப் பின்னிடுங்க. வித்தியாசம் தெரியாது, கோடும் சாயாது.

உச்சந்தலையில கொண்டை போடுற பெண்களுக்கு வேற வழி: மேஜிக் ரிங்குக்குப் பதிலா தலைமுடி ரப்பர் பேண்டு மேலயே 30 சிங்கிள் போட்டுத் தொடங்குறது. உங்களுக்கு அது தேவைப்படாது.

நூல்: ஆம்பளைக் குல்லா 100 கிராம், பெண்களுக்கு 85, பொண்ணுக்கு 65, குழந்தைக்கு 40. மொத்தம் 375. மாதிரித் துண்டு, மடிப்பு ரிப், குஞ்சம் சேர்த்தா 500 வாங்குங்க. ஒரே நிறம்னா லேபிள்ல லாட் எண் (ஒரே தடவையா சாயம் போட்ட தொகுப்போட எண்) ஒண்ணா இருக்கான்னு பார்த்து ஒரே தடவையா வாங்கணும். கடை விளக்குல ஒண்ணா தெரியுற சிவப்பு வெயில்ல ரெண்டு சிவப்பா நிக்கும்.

---

தறிச்சத்தம்:

இடையில நுழையறேன். கீமோ எடுக்கிற தோழிக்கு ஒண்ணு பின்னணும். இதே அளவுக் கணக்கு போதுமா?

---

பனிக்காற்று:

அதுக்குக் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேணும். முடி இல்லாத தலை சுற்றளவில் சிறிது குறையும், தோலும் நோகும். இறுக்கம் தாங்க மாட்டார்கள். 4 செ.மீ. குறைக்காமல் 1 அல்லது 2 மட்டும் குறையுங்கோ. ஆழத்தை 2 செ.மீ. கூட்டுங்கோ, பின்கழுத்து முடி இருந்த இடம் வரை மூட வேணும்.

கம்பளி, மொஹேர் (ஆட்டு ரோம நூல்), பளபள இழை எதுவும் ஆகாது. மெல்லிய பருத்தி அல்லது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. நூலைக் கழுத்தில் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கோ, குத்தாவிட்டால் வாங்கலாம். பருத்திக்கு நீட்சி இல்லை, அதனால் விளிம்பில் ரிப் அவசியம். இல்லாட்டி இரண்டாம் நாளே தொங்கும். மேஜிக் ரிங் வால் நுனியை உள்ளே முடிச்சுப் போடாமல், மூன்று திசையில் தையலுக்குள் ஓட்டி வெட்டுங்கோ. டபுள் தையலின் சந்தில் தலை தெரியும் என்று பலர் விரும்ப மாட்டார்கள், ஹாஃப் டபுளே நல்லது. கொடுக்க முன் வாசனை இல்லாத சோப்பில் ஒருமுறை கழுவி, பூனை நாய் இல்லாத இடத்தில் காயவிட்டு, மூடிய பையில் கொடுங்கோ.

---

பட்டைத்தையல்:

குழந்தைக் குல்லாவுக்கு எந்த நூல்னு யாரும் சொல்லலையே. கோயம்புத்தூர் வெயிலுக்கு அக்ரிலிக் 40 கிராம் போட்டா பிள்ளை வேர்த்துக் கொட்டிடும். மெல்லிய பருத்தி நூல், 3.5 மி.மீ. ஊசி, தையல் கணக்கை மாதிரித் துண்டுலேர்ந்து மறுபடி போட்டுக்குங்க. பட்டன், மணி, குஞ்சம், கயிறு எதுவும் வேண்டாம், வாயில போயிடும். தூங்கும்போது கழட்டிடணும்னு நாத்தனார்கிட்ட சொல்லிடுங்க. வீட்டுக்குள்ள குல்லாவோட தூங்கினா உடம்பு சூடு ஏறும், முகத்துலயும் இறங்கி மூடும்.

பழைய பேட்டர்ன் புத்தகம் வெச்சுப் பின்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் முறையில "டபுள்"னு எழுதினா அது அமெரிக்க சிங்கிள். அவங்க "ட்ரெபிள்"தான் நம்ம டபுள். "ஸ்கிப்"புன்னு இருந்தா அமெரிக்கா, "மிஸ்"ஸுன்னு இருந்தா பிரிட்டன். இது தெரியாம பிரிட்டிஷ் பேட்டர்னை அமெரிக்க முறையில பின்னினா குல்லா உயரம் எக்கச்சக்கமா கூடிடும்.

---

நூல்கண்டு:

கொழுந்தனார் குல்லா உடம்பு முடிஞ்சுது, 76 தையல், ரிப் ஓடிட்டு இருக்கு. பொண்ணுக்கு மேல குஞ்சம் வேணுமாம். துவைக்கும்போது நசுங்கிடாதா?

---

கொக்கிமுனை:

கழட்டி மாட்டுற மாதிரி வைங்க. 9 செ.மீ. அட்டையில 180 சுற்று சுத்துங்க, 100-ல நிறுத்தினா சொட்டையா தெரியும். நடுவுல கட்டுறதுக்கு அக்ரிலிக் வேண்டாம், இறுக்கும்போது அறுந்துடும். கெட்டியான பருத்தி நூல் ரெண்டு இழை. ரெண்டு பக்கமும் வெட்டி, உருண்டையா கத்தரிச்சு, கட்டின நூலோட ரெண்டு நுனியையும் 20 செ.மீ. விடுங்க. மேஜிக் ரிங் ஓட்டை வழியா உள்ள இறக்கி, 2 செ.மீ. பட்டனோட ரெண்டு துளையில ஒவ்வொண்ணா கோத்து, பூ முடிச்சு போடுங்க. துவைக்கும்போது முடிச்சை அவுத்தா குஞ்சம் தனியா வந்துடும். பட்டன் தட்டையானதா பாருங்க, குமிழ் பட்டன்னா உச்சந்தலையில அழுத்தும்.